அன்றாட இன்பமும் அருணை மண்ணும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



திருவண்ணாமலையில் அன்றாட வாழ்வின் சிறிய இன்பங்களைப் பற்றிப் பேசுவது சிலருக்கு முரணாகத் தோன்றலாம். நினைத்த மாத்திரத்தில் முத்தி தரும் தலம் என்று பெயர் பெற்ற ஊர் இது. உலகை வேண்டாம் என்று உதறியவர்கள் நூற்றாண்டுகளாகத் தேடி வந்த மலை இது. குகை நமசிவாயரும் குரு நமசிவாயரும் வாழ்ந்த குகைகள் இம்மலையில்தான் இருக்கின்றன. வாழ்வைக் காமத்தில் செலவிட்டுப் பின் வருந்தி, கோபுரத்தின் மேலேறி உயிர்விடத் துணிந்த அருணகிரிநாதரை முருகன் தடுத்தாட்கொண்டான் என்னும் வரலாறும் இவ்வூர்க் கோயிலோடு பிணைந்ததே. இத்தகைய ஊரில் சூடான சோற்றையும் மாலைக் காற்றையும் பேரக்குழந்தையின் சிரிப்பையும் போற்றிப் பேசலாமா? பேசலாம், பேசவும் வேண்டும். அதற்கான சான்றுகள் வேறெங்கும் தேடவேண்டாதபடி இம்மண்ணிலேயே கிடக்கின்றன.

நிலையாமையைப் பற்றித் தமிழ் பேசிய அளவிற்குப் பேசிய மொழிகள் சிலவே இருக்கக்கூடும். நாலடியார் தன் முதல் மூன்று அதிகாரங்களையும் செல்வ நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என நிலையாமைக்கே ஒதுக்குகிறது. வள்ளுவர் துறவறவியலில் நிலையாமையைத் தனி அதிகாரமாக்கினார். இவற்றைப் பள்ளிப் பருவத்திலிருந்தே பயின்று வந்த நமக்கு, நிலையாமை என்றதும் துறவே நினைவுக்கு வருகிறது. எல்லாம் அழியும், ஆகையால் எதிலும் மனம் வைக்காதே என்று முடிப்பதே முறை என்று எண்ணிவிடுகிறோம்.

ஆனால் அதே நிலையாமையிலிருந்து வேறொரு முடிவுக்கு வந்த புலவரும் உண்டு. புறநானூற்றின் 194ஆம் பாட்டைப் பாடிய பக்குடுக்கை நன்கணியார் அத்தகையவர். ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்கிறது. இன்னொரு வீட்டில் மணமுழவு முழங்குகிறது. கணவனோடு இருப்பவள் பூச்சூடி நிற்கிறாள். பிரிந்தவள் கண்ணீர் வடிக்கிறாள். இப்படிப் படைத்தவன் பண்பற்றவன் என்று கடிந்துகொள்ளவும் அப்புலவர் அஞ்சவில்லை. உலகம் கொடியது என்பதை அவர் மறைக்கவும் இல்லை. ஆயினும் அவர் சொல்லி முடிப்பது, உலகின் தன்மையை அறிந்தவர்கள் அதற்குள்ளேயே இனியவற்றைக் கண்டுகொள்ளட்டும் என்பதாகும். பழைய உரை இங்குள்ள இனிமையை வீட்டின்பத்திற்கு வழியாகும் நற்செயல் என்று கொள்ளும். உரையாசிரியரின் புலமையைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. எனினும் பாட்டில் இல்லாத மறுமையை உரை கொண்டுவந்து சேர்க்கிறது என்றே கருதவேண்டியிருக்கிறது. இரண்டு பறைகளும் ஒலிப்பது இந்தத் தெருவில். புலவர் காணச் சொல்லும் இனிமையும் இந்தத் தெருவில் இருப்பதே.

காணத் தவறினால் என்ன நேரும்? அதற்கும் புறநானூறே விடை வைத்திருக்கிறது. கையறுநிலை என்பது பெரும்பாலும் இறந்த மன்னனை எண்ணிப் புலம்பும் துறை. அத்துறையில் அமைந்த 243ஆம் பாட்டிலோ மன்னன் எவனும் இறக்கவில்லை. இறந்தது ஒரு கிழவரின் இளமை. தலையிலே பூண் கட்டிய பெரிய கோலை ஊன்றி, இருமலுக்கு இடையிடையே சில சொற்களைப் பேசுகிற முதியவர் ஒருவர், தாம் சிறுவராய் இருந்த நாளை நினைக்கிறார். மணலிலே செய்த பாவைக்குப் பூச்சூட்டியது, குளத்திலே பெண்களோடு கைகோத்து ஆடியது, நீர்த்துறையில் தாழ்ந்திருந்த மருதமரக் கிளையிலிருந்து கரையில் நிற்பவர்கள் வியக்கக் குதித்து ஆழத்து மணலை அள்ளிவந்து காட்டியது. அவர் நினைவில் இருப்பவை இவ்வளவே. பெற்ற பரிசில்களோ வென்ற போர்களோ அங்கே இல்லை. புலவரின் இயற்பெயரும் மறைந்துபோய், அவர் ஊன்றிய கோலின் பெயராலேயே தொடித்தலை விழுத்தண்டினார் என்று இன்றும் அழைக்கப்படுகிறார். ஒரு கைப்பிடி ஆற்றுமணல் ஒரு மனிதரின் வாழ்நாள் முழுமைக்குமான செல்வமாக எஞ்சியதைக் காட்ட இதைவிடச் சிறந்த பாட்டு தமிழில் இருப்பதாகத் தெரியவில்லை.

கையறுநிலைத் துறையிலேயே அமைந்த இன்னொரு பாட்டு, திருவண்ணாமலை மக்களுக்கு மிக நெருக்கமானது. அது பாரி மகளிர் பாடிய 112ஆம் பாட்டு. சென்ற மாத முழுநிலவின்போது தந்தையும் இருந்தார், பறம்பு மலையும் தம்மிடம் இருந்தது. இந்த மாத முழுநிலவின்போது மலையைப் பகைவேந்தர் கொண்டுவிட்டனர், தந்தையும் இல்லை. பாட்டின் பொருள் இவ்வளவுதான். இடையே கழிந்தது ஒரே ஒரு திங்கள். பாரி மறைந்தபின் அப்பெண்களை அழைத்துக்கொண்டு கபிலர் அலைந்த வரலாறு நாம் அறிந்தது. இங்கிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருக்கோவலூரில், பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தியைச் சொல்லும் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு வீரட்டானேசுவரர் கோயிலில் இருக்கிறது. பெண்ணையாற்றின் நடுவே கபிலர் குன்றையும் காணலாம். மாதந்தோறும் முழுநிலவு நாளில் இலட்சக்கணக்கானோர் மலைவலம் வருகிற ஊரில் வாழ்கிற நாம், அந்தப் பெண்கள் இரண்டு நிலவுகளை எண்ணிப் பார்த்த விதத்தை அடிக்கடி நினைத்துக்கொள்வது தகும்.

இனி, இதே மாவட்டத்தின் மேற்கே செல்வோம். செங்கம் என இன்று வழங்கும் ஊரே சங்ககாலச் செங்கண்மா. அதனை ஆண்ட நன்னன் சேய் நன்னன் மீது பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது மலைபடுகடாம். பத்துப்பாட்டில் இறுதியாக நிற்பது. 583 அடிகள் கொண்டது. கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் உடையது. உ.வே. சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டை வெளியிட்டபோது இந்த மண்ணின் பழைய முகம் நமக்குத் திரும்பக் கிடைத்தது. நூல் புகழும் நவிர மலையைப் பர்வத மலை என்று அறிஞர்கள் அடையாளம் காண்கின்றனர்.

ஆற்றுப்படை நூல்களில் புலவரின் நோக்கம் வள்ளலிடம் ஆற்றுப்படுத்துவது. பரிசில் பெற்று வந்த கூத்தன், வறுமையில் வாடும் இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்கிறான். வழியிலே பாம்புகள் உண்டு, வழுக்கும் பாறைகள் உண்டு, தினைப்புனம் காப்போர் விலங்கை நோக்கி எறியும் கல் உங்கள்மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் எச்சரிக்கிறான். பசித்த வயிறு; தொலைவில் வள்ளல். இந்நிலையில் உள்ளவனுக்கு எதைச் சொல்லவேண்டும்? விரைந்து போ என்றல்லவா சொல்லவேண்டும்? ஆனால் புலவர் அவனை மலையிலே நிறுத்திச் செவி கொடுக்கச் சொல்கிறார். மலையில் எழும் ஏறத்தாழ இருபது ஓசைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைக்கிறார். நூலின் பெயரே அதனால் வந்தது.

அவ்வோசைகள் எவை என்பதைக் கவனிக்கவேண்டும். அருவியில் ஆடுவோரின் ஆரவாரம் இருக்கிறது. வேங்கை மரத்துப் புதுப்பூவைக் கொய்ய வந்த சிறுமியர் புலி புலி என்று கூவும் கூச்சல் இருக்கிறது. உயரத்திலிருந்த தேன்கூட்டை அழித்துத் தேன் கொண்ட குறவரின் மகிழ்ச்சிக் குரல், தினை குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டு, கரும்பாலை ஓசை, கன்றுகளைக் கொண்டு பலாச்சுளையை மிதிப்பித்து விதையைப் பிரிக்கும் சிறுவர்களின் ஓசை எல்லாம் இருக்கின்றன. அவற்றோடு, முள்ளம்பன்றி தாக்கிய கானவனின் அழுகையும் இருக்கிறது. புலி கிழித்த கணவனின் புண் ஆறவேண்டிக் கொடிச்சி பாடும் பாட்டும் இருக்கிறது. பாறைப் பிளவில் குட்டியைத் தவறவிட்ட மந்தியின் கதறலும் இருக்கிறது. இன்பத்தை ஒரு பக்கமும் துன்பத்தை ஒரு பக்கமுமாகப் பிரித்து அடுக்காமல், மலையில் எழுந்தபடியே புலவர் தருகிறார். நன்கணியார் ஒரு தெருவில் கேட்ட இரண்டு பறைகளைப் பெருங்கௌசிகனார் ஒரு மலை முழுவதிலும் கேட்டார் எனலாம். வழியிலுள்ள சிற்றூர்களில் முன்பின் அறியாத கூத்தரையும் உறவினரைப்போல் முறைசொல்லி வரவேற்றுத் தினைச்சோறும் மூங்கிலரிசிச் சோறும் ஊட்டுவார்கள் என்று அவர் சொல்லும் இடங்களைப் படிக்கும்போது, நன்னன் கொடுக்கப்போகும் பொன்னைவிட வழியே பெரிய பரிசில் என்று தோன்றுவதில் வியப்பில்லை. வறியவன் வள்ளலை அடைந்த பிறகுதான் வாழத் தொடங்கவேண்டும் என்று அப்புலவர் எண்ணவில்லை.

நம் இல்லங்களில் வழங்கும் சொல் ஒன்று இதற்கு நேர்மாறானது. “எல்லாம் ஆகட்டும்” என்பது அச்சொல். மூத்தவன் படிப்பு முடியட்டும், பெண்ணுக்கு நல்ல இடம் அமையட்டும், வீட்டுக்கடன் அடையட்டும், பணி ஓய்வு வரட்டும், அப்புறம் பார்க்கலாம். அப்புறம் வரும்போது முழங்கால் மறுக்கிறது. அல்லது உடன்வர வேண்டியவர் படமாகிச் சுவரில் இருக்கிறார். மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தும், பேரன் பேத்தியோடு ஒருமுறை நிதானமாக மலையைச் சுற்றி வராமலே கண்மூடிய பெரியவர்கள் இவ்வூரில் எத்தனையோ பேர்.

அன்றாடச் செயல்களில் ஊன்றிய மனத்திற்கு அண்மைக் காலச் சான்று வேண்டுமானால் இரமண மகரிசியின் வாழ்வைப் பார்க்கலாம். 1896 செப்டம்பர் 1ஆம் நாள் பதினாறு வயதுச் சிறுவராக இவ்வூருக்கு வந்து, 1950 ஏப்ரல் 14ஆம் நாள் உடல் நீங்கும்வரை இவ்வூரை விட்டு அகலாதவர் அவர். உலக இன்பத்தை நுகருங்கள் என்று அவர் கற்பிக்கவில்லை. அப்படிச் சொல்வது அவரைத் திரித்துரைப்பதாகும். அவர் காட்டிய நெறி ஆன்ம விசாரம். ஆனால் அந்த மோனத்தவர் விடியற்காலை மூன்று மணியளவில் எங்கே இருப்பார் என்று பார்த்தால், அடுக்களையில் காய்கறி நறுக்கிக்கொண்டிருப்பார். 1930களின் பிற்பகுதி வரையில் இரமணாசிரமச் சமையலில் அவர் நேரடியாகப் பங்குகொண்டார். சட்டினி அரைத்தார், குழம்பின் பதம் பார்த்தார், தரையில் சிந்திய அரிசியை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினார். எறிந்துவிடக்கூடிய கத்தரிக்காய்க் காம்பையும் வேகவைத்துக் கூட்டாக்கச் செய்தார். தமக்கென்று தனியாக எதையேனும் பரிமாறினால் ஏற்கமாட்டார். எல்லாருடைய இலைக்கும் வருவது மட்டுமே தம் இலைக்கு வரவேண்டும் என்பது அவர் விதி. (அக்காலத்து உணவுக்கூடத்தில் சாதிப்படி பிரித்து உட்காரவைக்கும் வழக்கம் இருந்தது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. இலையில் விழுந்த உணவு ஒன்று. இலை போட்ட இடங்கள் இரண்டு.)

மலைமேல் வாழ்ந்த காலத்தில் தாயார் அழகம்மாள் அப்பளம் இடும்போது மகனையும் துணைக்கு அழைத்தார். மகன் அப்பளத்தையே பொருளாக வைத்து ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். உளுந்தை உடைப்பது முதல் பிரண்டைச் சாறு விட்டுப் பிசைவது, இடிப்பது, இடுவது, பொரிப்பது வரையில் அடுக்களையின் ஒவ்வொரு செயலுக்கும் ஞானநெறியில் ஓர் இணை அப்பாட்டில் உண்டு. அப்பளப் பாட்டு என்று அது இன்றும் பாடப்படுகிறது. வேதாந்தத்தைச் சொல்ல அவருக்கு வானத்து உவமை எதுவும் தேவைப்படவில்லை. தாயின் கையிலிருந்த மாவு போதுமானதாக இருந்தது. அந்தத் தாய் 1922 மே 19ஆம் நாள் மறைந்தார். மகனுடன் அவர் சேர்ந்து வாழ்ந்தது 1916 முதல் அந்நாள் வரை, ஏறத்தாழ ஆறு ஆண்டுகளே. அந்த ஆறு ஆண்டுகளில் அவர் சமைத்தார், மகன் உண்டார், சில வேளைகளில் இருவரும் சேர்ந்தே சமைத்தனர்.

கீரைப்பாட்டி என்று ஒருவர் இருந்தார். விடிந்ததும் மலையேறிக் கீரை பறித்து வருவார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு மண்பானை. அதிலேயே வெந்நீர் காய்ச்சிக் குளிப்பார். பிறகு அதிலேயே சோறு, அதிலேயே குழம்பு, அதிலேயே கீரை. ஆக்கியதில் ஒரு பிடியை இளந்துறவியிடம் கொண்டுவந்து கொடுத்து உண்ணச் செய்வார். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற மகரிசி, உயர்ந்தோர் பலர் சூழ்ந்திருந்த கூடத்தில் அமர்ந்து அந்தப் பாட்டியின் பானையைப் பற்றிச் சுவையோடு நினைவுகூர்ந்தார். 1926இல் கன்றாக ஆசிரமத்திற்கு வந்த இலட்சுமி என்னும் பசு அந்தப் பாட்டியின் மறுபிறவி என்று அன்பர்கள் நம்பினர். 1948 சூன் 18ஆம் நாள் அப்பசு இறந்தபோது மகரிசி அதற்கும் ஒரு தமிழ்ப் பா எழுதினார். அதன் சமாதியை இன்றும் ஆசிரமத்தில் காணலாம். அருகே மானுக்கும் காகத்துக்கும் நாய்க்கும் சமாதிகள் உள்ளன.

இவர்களையெல்லாம்விட நம் பொருளுக்கு நெருங்கியவர் எச்சம்மாள். மண்டகொளத்தூரைச் சேர்ந்த இப்பெண் இருபத்தைந்து வயது நிறைவதற்குள் கணவனை இழந்தார், மகனை இழந்தார், மகளையும் இழந்தார். அந்நாளில் இளங்கைம்பெண்ணின் வாழ்வு எப்படி இருந்தது என்பதைத் தமிழ்ப் புதினங்கள் போதிய அளவு பதிவு செய்துள்ளன. சொந்த ஊரின் ஒவ்வொரு சுவரும் இழப்பைச் சொல்லியதால் அங்கே இருக்க இயலாமல், இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலே திருவண்ணாமலைக்கு வந்தார். விரூபாட்சக் குகையில் இருந்த இளந்துறவியின் முன் நெடுநேரம் நின்றார். இருவரும் பேசவில்லை. இறங்கி வரும்போது பாரம் குறைந்திருந்தது என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

மறுநாள் முதல் அவர் செய்தது என்ன? சமைத்தார். சமைத்ததை எடுத்துக்கொண்டு மலையேறினார். அவ்வளவுதான். ஒருநாள் இருநாள் அல்ல. 1945இல் தாம் மறையும்வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்த உணவுத் தொண்டை விடவில்லை. மகரிசி மலையிலிருந்து இறங்கி அடிவாரத்திற்கு வந்தபின் எச்சம்மாளின் பாத்திரமும் அடிவாரத்திற்கு வந்தது. இடையிலே இன்னொரு அடியும் விழுந்தது. செல்லம்மாள் என்னும் பெண்ணைத் தத்தெடுத்து வளர்த்து மணம் செய்துகொடுத்தார். அவளும் ஒரு கைக்குழந்தையை விட்டுவிட்டு இளமையிலேயே இறந்தாள். தாயற்ற அக்குழந்தையை எடுத்துவந்து எச்சம்மாள் மகரிசியிடம் கொடுத்தபோது, இன்ப துன்பங்களைக் கடந்தவர் என்று உலகம் போற்றிய அவரும் கண்ணீர் விட்டார். அந்தக் குழந்தையின் பெயரும் இரமணன்.

அந்த அம்மையாரை இறைத்தொண்டர் என்று மட்டும் கூறி நகர்ந்துவிடுவது எளிது. அவருடைய ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். விடியலில் அடுப்பு, அரிசி களையும் ஓசை, கொதி வரும்போது எழும் மணம், துணியில் கட்டிய பாத்திரம், மலைப்பாதையில் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு நிழல், மேலே உண்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்னும் நினைவு. யாவற்றையும் இழந்த ஒருவருக்கு வாழ்க்கை திரும்பக் கொடுத்தது இவற்றைத்தான். பெரிய பேறுகள் எவையும் அவருக்குத் திரும்பவில்லை. கணவனும் மக்களும் மீளவில்லை. நாள்தோறும் வரும் சிறியவை மட்டும் நாள்தோறும் வந்தன. அவற்றைக்கொண்டே ஒரு நெடிய வாழ்வைக் கட்டிக்கொண்டார்.

இந்த இடத்தில், எளிய இன்பங்களைப் போற்றும் எழுத்துகள் பெரும்பாலும் தொடாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்று 188ஆம் பாட்டிலே, குழந்தை தளர்நடையிட்டு வந்து, நெய்ச்சோற்றில் கைவிட்டு அளைந்து, மேலெல்லாம் பூசிக்கொள்ளும் அழகைப் பாடினான். பலரோடு உண்ணும் பெருஞ்செல்வம் படைத்த மன்னன் தன் செல்வத்தைவிட இதனைப் பெரிதாக மதித்தது போற்றத்தக்கது. சிதறிய சோற்றைக் கூட்டித் துடைத்தவர் யார் என்பது மட்டும் பாட்டில் இல்லை! இன்றும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. முறுகலான தோசையின் இன்பத்தைப் பற்றிச் சுவையாகக் கட்டுரை எழுதுவோர் வரிசையாக உட்கார்ந்து உண்கின்றனர். வார்த்தவள் கடைசியில் நின்றபடியே ஆறிப்போனதை உண்கிறாள். எளிய இன்பத்தை நுகர்வதற்கும் சிறிது ஓய்வு வேண்டும். அவ்வோய்வு வீட்டில் எல்லாருக்கும் ஒரே அளவில் பங்கிடப்படுவதில்லை. காய் நறுக்க விடியலில் எழுந்து வந்த துறவியின் செயலை இவ்வாறும் படிக்கலாம். சாந்தம்மாள், சம்பூர்ணம்மாள், சுப்புலட்சுமியம்மாள் முதலிய பெண்கள் அந்த அடுக்களையில் பணிபுரிந்த காலத்தை வாழ்வின் பொற்காலமாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தனர் என்றால், அவர்களுடைய வேலையைத் தம் வேலையாக எண்ணி ஒருவர் அருகில் உட்கார்ந்திருந்ததும் அதற்கொரு காரணம். ஆகவே, நேரம் இருக்கும்போதே வாழ்வைச் சுவைக்க விரும்பும் ஆடவர்கள், முதற்படியாக வாரத்தில் சில நாளேனும் அரிவாள்மணையின் முன் உட்காரலாம். மனைவியோ தாயோ சூடாக ஒரு வாய் உண்பதைப் பார்க்கும் இன்பம் அவர்களுக்குப் புதிதாகவும் இருக்கும்.

மலைவலத்திற்கு வருவோம். பதினான்கு கிலோமீட்டர்ப் பாதை. இதனைச் சுற்றுவோர் எப்படி நடக்கவேண்டும் என்பதற்குத் தலபுராண மரபில் ஓர் அழகிய உவமை உண்டு. நிறைமாதக் கருவுற்ற அரசி நடப்பதுபோல் நடக்கவேண்டுமாம். மகரிசியும் அதனை எடுத்துரைப்பதுண்டு. 1926 வரையில் அவர் அன்பர்களுடன் மலைவலம் சென்றார். வழியிலே தங்கி, சமைத்து உண்டு, பாடி, ஒரு நாளும் அதற்கு மேலும்கூட எடுத்துக்கொண்டதுண்டு. அரசி எங்கோ போய்ச் சேர்வதற்காக நடக்கவில்லை. அவள் தாங்கியிருப்பது அவளிடமே இருக்கிறது. இன்றைய மலைவலத்தில் எத்தனை மணி நேரத்தில் முடித்தோம் என்பதே பேச்சாகிவிட்டது. நான்கு மணி என்றால் பெருமை; மூன்றரை என்றால் பெரும் பெருமை. மலை ஒவ்வொரு திருப்பத்திலும் உருமாறுவதைக் கண்டீர்களா என்று கேட்டால், கூட்டம் மிகுதி என்று விடை வருகிறது.

கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு அர்த்தநாரீசுவரர் ஆண்டுக்கு ஒரே முறை ஆடிக்கொண்டு வெளியே வந்து சில நிமிடங்களில் உள்ளே சென்றுவிடுகிறார். அதே வேளையில் 2668 அடி உயர மலையுச்சியில் தீபம் ஏறுகிறது. அந்தச் சில நிமிடங்களிலும் ஆயிரக்கணக்கான கைகள் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருப்பதை இப்போது காண்கிறோம். பிறகு பார்ப்பதற்காகப் பதிவு செய்கின்றனர். பிறகு எப்போது என்பது அவரவர்க்கே வெளிச்சம். தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் மட்டும் வெறுங்கண்ணால் மலையைப் பார்க்கின்றன.

1948ஆம் ஆண்டின் இறுதியில் மகரிசியின் இடக்கையில், முழங்கைக்கருகே ஒரு சிறு கட்டி தோன்றியது. 1949 பிப்ரவரியில் அதனை அகற்றினர், மீண்டும் வளர்ந்தது. புற்றுநோய் என்று தெரிந்தது. அவ்வாண்டில் மொத்தம் நான்கு முறை அறுவை செய்யப்பட்டது. கையையே எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொன்னபோது அவர் இசையவில்லை. உடலைப் பற்றி அவர் கூறிவந்த உவமை ஒன்று உண்டு. இலைகளைத் தேடிப் பொறுக்கி, ஈர்க்கால் தைத்து, பக்குவமாகத் தையல் இலை செய்கிறோம். உண்டு முடித்ததும் எறிந்துவிடுகிறோம் என்பது அது. இவ்வுவமையைத் துறவின் மொழியாக மட்டும் கொள்வோர் பலர். ஆனால் சொன்னவர் தம் கையாலேயே நெடுங்காலம் ஆலிலை தைத்தவர். எறியப்போகும் இலைதான் என்று தெரிந்தும், ஒவ்வொரு தையலையும் ஒழுங்காகத் தைத்தவர். எறிவதைப் பற்றிய உவமையில் தைப்பதைப் பற்றிய செய்தியும் அடங்கியிருக்கிறது. உண்பதைப் பற்றிய செய்தியும் அடங்கியிருக்கிறது.

இறுதி நாள்களிலும், தம்மைக் காண வந்தவர்களைத் தடுக்கக்கூடாது என்று அவர் வற்புறுத்தினார். அந்தச் சிற்றறையின் முன் காலையும் மாலையும் மக்கள் வரிசையாகச் சென்றனர். 1950 ஏப்ரல் 14ஆம் நாள் மாலையில் அன்பர்கள் வெளியே அமர்ந்து, அவர் இளமையில் இயற்றிய அருணாசல அட்சரமணமாலையைப் பாடினர். அதைக் கேட்டு அவர் கண்களில் நீர் வழிந்தது. இரவு 8.47க்கு மூச்சு நின்றது. அப்போது ஊரிலிருந்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெசோன், அதே நேரத்தில் வானில் ஒளியொன்று மலையை நோக்கி மெல்ல நகர்ந்ததைக் கண்டு, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். ஒரு நொடியைத் தவறவிடாமல் பிடிப்பதற்குப் பெயர்பெற்ற அக்கலைஞர் அந்நேரத்தில் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.